ஒரு டாலர் எடுத்தால் 1.85 டாலருக்கு வரி

சேமிக்கும்போது வரி வேண்டாம், எடுக்கும்போது கட்டினால் போதும். அமெரிக்காவில் ஐஆர்ஏ, 401கே என்று சொல்லப்படும் ஓய்வுக்காலக் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் இவ்வளவுதான். 1974இல் வந்த சட்டம் ஐஆர்ஏவைக் கொண்டுவந்தது. 1978ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் சேர்ந்த ஒரு சிறு பிரிவு 401கே ஆனது; அந்தப் பிரிவின் எண்தான் கணக்குக்கும் பெயர். வேலையில் சேரும் முதல் நாளில் மனிதவளத் துறையினர் சொல்லும் பாடமும் மாறவில்லை: இப்போது உங்கள் வருமானம் அதிகம், வரி விகிதமும் அதிகம், ஓய்வில் இரண்டும் குறையும், ஆகவே வரியைத் தள்ளிப்போடுங்கள்.

பெரிய சம்பளக்காரருக்கு இந்தப் பாடம் பொருந்தும். 32 சதவீத வரிப்படியில் இருந்தபோது தள்ளிப்போட்டதை 22 சதவீதப் படியில் நின்று எடுப்பவருக்கு லாபம் கையில் தெரியும். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது அல்ல. நூலகத்தில் பகுதிநேரம் வேலை பார்த்தவர், மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவர், மளிகைக் கடை நடத்தியவர், நாற்பது வயதுக்கு மேல் குடியேறி இருபது ஆண்டு உழைத்தவர் ஆகியோரைப் பற்றியது. அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டித் தொகை, ஒருவர் அதிகமாகச் சம்பாதித்த 35 ஆண்டுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இருபது ஆண்டுதான் வேலை என்றால் மீதி பதினைந்து ஆண்டுக்கும் சுழியம் போட்டுச் சராசரி எடுப்பார்கள். பிற்காலத்தில் வந்து சேர்ந்த தமிழர்கள் பலருக்கு அந்தத் தொகை சிறியதாகவும், 401கே மீதான நம்பிக்கை பெரியதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கணக்கு புரிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மீனாட்சி அம்மாள் என்று பெயர் வைப்போம். வயது 74. டெக்சாஸில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த மாநிலத்தில் மாநில வருமான வரி இல்லை என்பதால் கணக்கு சுத்தமாக நிற்கும். சோஷியல் செக்யூரிட்டி மாதம் 2,000 டாலர், ஆண்டுக்கு 24,000. 2025 தொடக்கத்தில் ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவரின் சராசரித் தொகையும் ஏறக்குறைய இதுதான். அதில் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பகுதி பிக்கு 2025ஆம் ஆண்டுக் கட்டணமாக 185 டாலர் பிடிக்கப்பட்டு, வங்கிக்கு 1,815தான் வருகிறது. வரிக் கணக்கு மட்டும் முழு 2,000ஐயும் பார்க்கும். கணவர் விட்டுச் சென்ற ஐஆர்ஏவிலிருந்து ஆண்டுக்கு 18,000 எடுக்கிறார். ஆக மொத்தம் 42,000.

இதற்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் கட்ட வேண்டிய மத்திய வருமான வரி சுழியம். சலுகை கேட்டு மனுப் போட வேண்டியதில்லை, யாரையும் பார்க்க வேண்டியதில்லை. தனியாளுக்கான நிலையான கழிவு 15,750. 65 வயதைக் கடந்ததற்குக் கூடுதலாக 2,000. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் முதியோருக்குத் தந்த தற்காலிகக் கழிவு 6,000. மூன்றும் சேர்ந்து 23,750. இந்த எல்லைக்குள் அவருடைய வரிக்குரிய வருமானம் அடங்கிவிடுகிறது. ஐஆர்ஏவைத் தொட்டாலே பாதி போய்விடும் என்று பயந்து, பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வாழ்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும், அந்தப் பயம் போகும். அவர் 18,000க்குப் பதிலாக 20,166 டாலர் எடுத்தாலும் வரி இல்லை.

அதற்கு மேல் எடுத்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கலின் வேர் 1983இல் இருக்கிறது.

அதுவரை சோஷியல் செக்யூரிட்டிக்கு வருமான வரியே கிடையாது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிதி வற்றும் நிலைக்கு வந்தது. ஆலன் கிரீன்ஸ்பேன் தலைமையில் அமைந்த ஆணையம் சில வழிகளைச் சொன்னது. அவற்றுள் ஒன்று, வசதியுள்ள ஓய்வூதியர்களின் தொகையில் பாதி வரை வரிக்கு உட்படுத்துவது. 1983 ஏப்ரல் 20 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். வசதியுள்ளவர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு தனி அளவுகோலை வகுத்தது: சோஷியல் செக்யூரிட்டியில் பாதி, மற்ற வருமானம் முழுவதும், வரிவிலக்குள்ள பத்திர வட்டியும் கூட. இதற்குக் கூட்டு வருமானம் என்று பெயர். இது தனியாளுக்கு 25,000 டாலரையும், தம்பதிக்கு 32,000 டாலரையும் தாண்டினால் வரி. பத்தாண்டு கழித்து, 1993 ஆகஸ்டில், அதிபர் பில் கிளின்டனின் வரவுசெலவுச் சட்டம் இரண்டாவது கோடு ஒன்றைப் போட்டது. தனியாளுக்கு 34,000, தம்பதிக்கு 44,000. அதையும் தாண்டினால் தொகையில் 85 சதவீதம் வரை வரிக்கு உட்படும். செனட்டில் 50க்கு 50 என்று நின்ற அந்த மசோதாவைத் துணை அதிபர் அல் கோரின் ஒற்றை வாக்கு கரை சேர்த்தது.

நிலையான கழிவு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்கிறது. வரிப்படிகள் உயர்கின்றன. சோஷியல் செக்யூரிட்டித் தொகையும் உயர்கிறது. இந்த நான்கு எண்கள் மட்டும் உயரவில்லை. மறந்துபோனதால் அல்ல, விலைவாசியோடு இணைக்காமல் விட்டது அறிந்து செய்த முடிவு. காலம் போகப் போக அதிகம் பேர் வலைக்குள் வருவார்கள், நிதிக்கு வருவாய் பெருகும் என்பது கணக்கு. விலைவாசியோடு சேர்த்து உயர்த்தியிருந்தால் 1984இன் 25,000 டாலர் 2024இல் 75,000ஐத் தாண்டியிருக்கும். தொடக்கத்தில் சோஷியல் செக்யூரிட்டி பெறுவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களையே தொட்ட வரி, இன்று ஏறக்குறைய பாதிப் பேரைத் தொடுகிறது. வசதியுள்ளவருக்கென்று போட்ட கோட்டைச் சாதாரண மனிதர்கள் தாண்டுகிறார்கள் என்றால், அவர்கள் வசதியாகிவிட்டார்கள் என்று பொருள் அல்ல.

இப்போது மீனாட்சி அம்மாளின் வீட்டுக் கூரைக்கு வருவோம். ஆலங்கட்டி மழையில் கூரை ஓடுகள் பெயர்ந்துவிட்டன. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது போக அவர் கையிலிருந்து 12,000 டாலர் போட வேண்டும். ஐஆர்ஏ வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்கிறார். வேறு எதுவும் சொல்லாவிட்டால் நிறுவனம் நூற்றுக்குப் பத்து வரிப் பிடித்தம் செய்யும், அதுதான் விதி. ஆகக் கைக்கு வருவது 10,800. பத்து சதவீதம் பிடித்தாகிவிட்டது, வரி முடிந்தது என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. யாரும் நினைப்பார்கள். அடுத்த ஏப்ரலில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்த வரி 1,867 டாலர் 50 சென்ட் என்று வருகிறது. பிடித்த 1,200 போக இன்னும் 667.50 கட்ட வேண்டும்.

எப்படி வந்தது இந்தத் தொகை? அந்த 12,000ஐ நாலு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும். முதல் 2,166 டாலருக்கு வரி இல்லை; கழிவில் மிச்சம் இருந்த இடத்தில் அது அடங்கிவிட்டது. அடுத்த 1,834 டாலரில், எடுத்த ஒவ்வொரு டாலரும் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து 50 சென்ட்டைத் தன்னோடு வரிக்குள் இழுக்கிறது. ஒரு டாலர் எடுத்தார், ஒன்றரை டாலருக்கு வரி. பத்து சதவீதப் படியில் அது 15 சதவீதம். அதற்குப் பிறகு 34,000 என்ற இரண்டாம் கோடு தாண்டப்படுகிறது. இப்போது ஒவ்வொரு டாலரும் 85 சென்ட்டை இழுக்கிறது. அடுத்த 4,960 டாலருக்கு உண்மையான விகிதம் 18.5. கடைசி 3,040 டாலருக்கு, அவர் 12 சதவீதப் படிக்கு வந்துவிட்டதால், 12ஐ 1.85ஆல் பெருக்க வேண்டும்: 22.2 சதவீதம்.

ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கும், மணமாகாத, ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒரு டாலருக்குக் கட்டும் வருமான வரி 22 சதவீதம். மொத்தமே 54,000 டாலரில் கூரையையும் போட்டு வயிற்றையும் கழுவும் விதவைக்கு 22.2 சதவீதம். வரிப்படி அட்டவணையில் இந்த 22.2 எங்கும் அச்சாகியிருக்காது. அட்டவணையைப் பார்ப்பவருக்கு அவர் 12 சதவீதக்காரர்தான். இந்த மறைந்த ஏற்றத்தை அமெரிக்க நிதி ஆலோசகர்கள் டாக்ஸ் டார்பிடோ என்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டித் தொகை இன்னும் சற்றுப் பெரிதாக இருந்து, 22 சதவீதப் படியிலும் அது தொடர்ந்தால், விகிதம் 40.7 வரை போகும். பெரும் பணக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய சோஷியல் செக்யூரிட்டியில் 85 சதவீதம் ஏற்கெனவே வரிக்குள் வந்துவிட்டதால், மேலும் இழுக்க அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

மனிதவளத் துறையின் பாடத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். எளிய குடும்பங்கள் பல 401கேயில் பணம் போட்ட காலத்தில் 15 சதவீதப் படியில்தான் இருந்தன. 2017 வரை அந்தப் படி நடைமுறையில் இருந்தது. 15 சதவீதம் மிச்சம் என்று தள்ளிப்போட்டதை 22.2 சதவீதம் கொடுத்து எடுத்தால், ஒப்பந்தம் தலைகீழாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டுச் சேமித்தார்கள்.

இதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. கணவர் உயிரோடு இருந்திருந்தால் இதே 54,000க்கு வரி எவ்வளவு? அவருக்கு 24,000, மீனாட்சி அம்மாளுக்குத் தான் நூலகத்தில் பார்த்த வேலையின் பேரில் 12,000, ஐஆர்ஏவிலிருந்து 18,000. மொத்தம் 54,000. இருவரும் 65ஐத் தாண்டிய தம்பதிக்கு 2025இல் கழிவு மட்டும் 46,700. வரிக்குரிய வருமானம் 20,000. வரி சுழியம். கணவர் இறந்த ஆண்டில் மட்டும் தம்பதியாகவே கணக்குத் தாக்கல் செய்யலாம். அடுத்த ஆண்டு முதல் மீனாட்சி அம்மாள் தனியாள். இரண்டு சோஷியல் செக்யூரிட்டித் தொகைகளில் பெரியது தொடரும், சிறியது நின்றுபோகும். கழிவு பாதிக்குப் பாதியாகும். 32,000 என்ற கோடு 25,000க்கு இறங்கும். ஆனால் வீட்டு வரி பாதியாவதில்லை, கூரை பாதியாவதில்லை. போன 12,000ஐ ஈடுகட்ட ஐஆர்ஏவிலிருந்து 30,000 எடுக்க வேண்டும், அதற்கும் அதே 1,867.50தான் வரி. துக்கம் விசாரிக்க வருபவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. கணவன் மனைவி இருவரும் நன்றாக இருக்கும்போதே இதைப் பேசியிருக்க வேண்டும்.

பேசியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? இன்று அதே நிலையில் உள்ள தம்பதி, வழக்கமான 18,000 போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 15,900 டாலரைப் பழைய ஐஆர்ஏவிலிருந்து ராத் ஐஆர்ஏவுக்கு மாற்றலாம். வரி ஒரு டாலர்கூட வராது. ராத் என்பது 1997இல் வந்த கணக்கு. டெலவேர் செனட்டர் வில்லியம் ராத்தின் பெயர். போடும்போதோ மாற்றும்போதோ வரி. வயது 59½ஐத் தாண்டி, கணக்குத் தொடங்கி ஐந்தாண்டும் ஆகியிருந்தால் எடுக்கும்போது எதற்கும் வரி இல்லை. அதைவிட முக்கியம், அதிலிருந்து எடுப்பது கூட்டு வருமானத்திலேயே சேராது. நாலைந்து ஆண்டு இப்படிச் சிறிது சிறிதாக மாற்றி வைத்திருந்தால், கூரைக்கான 12,000ஐ ராத்திலிருந்து எடுத்துவிட்டு மீனாட்சி அம்மாள் நிம்மதியாக இருந்திருப்பார். பழைய கணக்கில் 73 வயதில் தொடங்கும் கட்டாயப் பணமெடுப்பும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். ராத் என்றால் பணக்காரர் விவகாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரிக்கழிவை முழுசாகப் பயன்படுத்தாமல் ஆண்டுதோறும் வீணாக்கும் எளிய தம்பதிக்குத்தான் அது அதிகம் உதவும்.

ராத் இல்லாதவருக்குத் தேதி உதவும். கூரை வேலை நவம்பரில் பேசி முடிந்தது என்றால், 6,000ஐ டிசம்பரிலும் 6,000ஐ ஜனவரியிலும் எடுக்கலாம். ஒப்பந்தக்காரர் பாதி முன்பணம், பாதி வேலை முடிந்ததும் என்று கேட்பது வழக்கம்தானே. விதிகள் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுக்கு 645, மறு ஆண்டுக்கு 645, மொத்தம் 1,290 டாலர் வரி. ஒரே ஆண்டில் எடுத்திருந்தால் 1,867.50. நாலு வாரம் தள்ளியதில் 577.50 மிச்சம். இதில் தந்திரம் ஏதும் இல்லை. வரி ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்ற ஒன்றே அடிப்படை.

தேவைக்கு மேல் எடுத்துவிட்டோம் என்று சில நாளில் தெரிந்தால், 60 நாளுக்குள் அதே ஐஆர்ஏவிலோ வேறொன்றிலோ திரும்பப் போடலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுமதி; கட்டாயப் பணமெடுப்பில் சேர்ந்த பகுதியைத் திரும்பப் போட முடியாது. 401கேயிலிருந்து மொத்தமாக எடுப்பவருக்கு இன்னொரு கவனம் தேவை. அங்கே பிடித்தம் பத்து அல்ல, இருபது சதவீதம், வேண்டாம் என்று சொல்லவும் வழி இல்லை. பணத்தைக் கையில் வாங்காமல் நேராக ஐஆர்ஏவுக்கு மாற்றச் சொன்னால் பிடித்தமே இராது.

கட்டாயப் பணமெடுப்பைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் உலவுகிறது. அதன் தொடக்க வயது 70½இலிருந்து 72ஆகி, 2023இல் 73 ஆனது. 2033இல் 75 ஆகும். முந்திய ஆண்டு இறுதி இருப்பை 26.5ஆல் வகுத்தால் 73 வயதுக்கான தொகை கிடைக்கும். 2,00,000 டாலர் வைத்திருப்பவருக்கு அது 7,547 டாலர். எளிய வருமானக்காரர் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே எடுத்துச் செலவழிக்கிறார். எடுக்க மறந்தால் தண்டம் உண்டு: விட்டுப்போன தொகையில் 25 சதவீதம். இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்தால் பத்து.

கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 70½ வயதைத் தாண்டியவர் ஐஆர்ஏவிலிருந்து நேராக, தன் கைக்கு வராமல், அறநிறுவனத்துக்குப் பணம் அனுப்பச் சொல்லலாம். அமெரிக்காவில் உள்ள கோயில்களும் தேவாலயங்களும் பெரும்பாலும் இந்தத் தகுதியுடையவை. அனுப்பிய தொகை வருமானத்தில் சேராது, கூட்டு வருமானத்திலும் சேராது, கட்டாயப் பணமெடுப்பில் மட்டும் கழிந்துவிடும். முதலில் பணத்தை எடுத்து, பிறகு காசோலை எழுதி உண்டியலில் போட்டால், நிலையான கழிவு எடுப்பவருக்கு 2025 கணக்கில் எந்தப் பலனும் இல்லை. 2026 முதல் தனியாளுக்கு 1,000 டாலர் வரை கழிவு வருகிறது என்றாலும் அது கூட்டு வருமானத்தைக் குறைக்காது. அன்னதானத்துக்கு ஆண்டுக்கு 2,000 கொடுப்பவர், இதற்கான சுருக்கமான படிவம் ஒன்றை நிரப்பினாலே அவ்வளவுக்கு வருமானம் குறையும்.

இந்தியாவில் உள்ள வருமானம்தான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ வைப்புக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆகவே எங்கும் இல்லை என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு, குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ, உலகில் எங்கு வட்டி வந்தாலும் அது வருமானம். மயிலாப்பூர் வீட்டு வாடகையும் அப்படியே. வட்டித் தொகைக்கு வரும் வரி ஒரு பக்கம் இருக்க, அது கூட்டு வருமானத்தில் சேர்ந்து சோஷியல் செக்யூரிட்டியை வரிக்குள் இழுப்பது இன்னொரு பக்கம். மீனாட்சி அம்மாளுக்கு என்ஆர்இ வட்டியாக 4,000 டாலர் வந்திருந்தால், கூரை பெயராமலேயே அவருடைய கூட்டு வருமானம் 34,000 என்ற கோட்டைத் தொட்டிருக்கும்.

திரும்பி வந்து கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ தங்கிவிடுபவர்களுக்கும் ஒரு சொல். அவர்களுடைய ஐஆர்ஏவுக்குள் ஆண்டுதோறும் வளரும் தொகைக்கு இந்தியா அந்தந்த ஆண்டே வரி கேட்க, அமெரிக்கா எடுக்கும்போது கேட்க, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு, எடுக்கும் ஆண்டிலேயே வரி என்று அது வழிசெய்தது. அதற்குரிய படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் பலன். சோஷியல் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை, இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டுமே.

மாநில வரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸ், புளோரிடா போன்றவற்றில் வருமான வரியே இல்லை. பென்சில்வேனியாவும் இல்லினாயும் ஓய்வுக்காலக் கணக்குப் பணத்தைத் தொடுவதில்லை. கலிபோர்னியா ஐஆர்ஏ பணத்துக்கு வரி போடும், சோஷியல் செக்யூரிட்டியை விட்டுவிடும்.

2025ஆம் ஆண்டுச் சட்டம் சோஷியல் செக்யூரிட்டி மீதான வரியை ஒழித்துவிட்டது என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது உண்மை அல்ல. அந்தச் சட்டம் 25,000ஐயும் 34,000ஐயும் தொடவே இல்லை. 6,000 டாலர் கழிவு தந்தது, அதுவும் 2028 வரை மட்டுமே. வருமானம் 75,000ஐத் தாண்டும் தனியாளுக்கு அந்தக் கழிவு படிப்படியாகக் குறையும். அந்த 6,000 இல்லாமல் மீனாட்சி அம்மாளின் கூரைக் கணக்கைப் போட்டால் 1,867.50 என்பது 2,587.50 ஆகிறது. கழிவு தருவது நல்லதுதான். ஆனால் நோய் 1983இலும் 1993இலும் உறைந்துபோன அந்த எண்களில் இருக்கிறது. அவற்றை விலைவாசியோடு இணைப்பதே நேர்மையான மருந்து. எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது: இந்த வரியின் வருவாய் சோஷியல் செக்யூரிட்டி நிதிக்கும் மெடிகேர் மருத்துவமனை நிதிக்கும் போகிறது; ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033இல் தீர்ந்துவிடும் என்று அதன் அறங்காவலர்களே 2025 அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள். வருவாயை விட்டுக்கொடுத்தால் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அந்தச் சுமை 54,000 டாலரில் வாழும் விதவையின் கடைசி டாலரில்தான் ஏற வேண்டுமா என்பதே கேள்வி. வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி வரி 2025இல் 1,76,100 டாலரோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சம்பாதித்த ஒரு டாலருக்கும் அந்த வரி இல்லை. கை வைக்க வேறு இடம் இல்லாமல் இல்லை.

சட்டம் மாறும்வரை உதவி எங்கே கிடைக்கும்? அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் தன்னார்வ மையங்களும், முதியோர் அமைப்பான ஏஏஆர்பியின் அறக்கட்டளை 1968 முதல் நடத்தும் டாக்ஸ்-எய்டும் முதியோருக்கு இலவசமாகக் கணக்குத் தாக்கல் செய்து தருகின்றன. ஊர் நூலகத்திலும் சமூகக்கூடத்திலும் மேசை போட்டு உட்காரும் அந்தத் தொண்டர்கள் பலர் தாங்களே ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். குறை அவர்களிடம் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. பெரும்பாலான மையங்கள் பிப்ரவரியில் திறந்து ஏப்ரல் 15இல் மூடுகின்றன. அதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. டிசம்பரில் பாதி, ஜனவரியில் பாதி என்று பிரிக்கவோ, ராத்துக்கு மாற்றவோ, கோயிலுக்கு நேராக அனுப்பவோ அப்போது வழி இல்லை. நடந்து முடிந்ததைக் கூட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கம் இல்லாத பெருநகரம் அரிது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடம் எடுக்கும் சங்கங்கள், அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கூடத்தைத் திறந்து, கணக்குத் தெரிந்த நாலு பேரை உட்கார வைத்தால் போதும். வருபவர்கள் கொண்டுவர வேண்டியவை: போன ஆண்டு வரிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டித் தொகையைக் காட்டும் கடிதம், ஐஆர்ஏ இருப்பும் அந்த ஆண்டு இதுவரை எடுத்ததும் காட்டும் அறிக்கை, இந்திய வங்கி வட்டிச் சான்று. இருவராக இருப்பவர்கள் இருவருமே வர வேண்டும், கணக்கை இதுவரை பார்த்திராதவர் கட்டாயமாக.